திருகாணியும் துப்பாக்கியும்

தோட்டுத் திருகாணியைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறீர்களா? இல்லை என்று சொல்லும் சகோதரி யாராவது இருந்தால், அவள் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம். அப்படி ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கிறோம். தோடு காதில் இருக்கிறது. கையிலிருந்த திருகாணி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மாயமாய் மறைந்துவிடுகிறது. அப்புறம் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பாயை உதறுகிறோம், பீரோவை நகர்த்துகிறோம், "யாரும் நடக்காதீங்க!" என்று வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளை அதட்டுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்தக் காட்சி வாரத்துக்கு மூன்று தடவை அரங்கேறும். ஒரே வித்தியாசம், காணாமற் போவது தோட்டுத் திருகாணி அல்ல, துப்பாக்கித் திருகாணி!

பயந்துவிடாதீர்கள். என் மாமனார் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர். பாப்பிரெட்டிப்பட்டியில் அவரைத் 'துப்பாக்கி ஆசாரியார்' என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்து வளர்ந்தது சென்னைப் பெரம்பூரில். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அப்பா துப்பாக்கி ரிப்பேர்" என்று தரகர் சொன்னதும், என் பாட்டி வெற்றிலைப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். "ஏண்டி, அந்த வீட்டிலே மாமியாரை எதிர்த்துப் பேச முடியுமா?" என்பதுதான் அவள் கவலை.

எங்கள் ஊர், ஏற்காட்டு மலைக்குப் பின்புறம், அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. அந்த மலையில் பிறந்து வரும் வாணியாறுதான் இந்தப் பக்கத்துக் கழனிகளுக்குத் தண்ணீர். மலை இருந்தால் காடு. காடு இருந்தால் காட்டுப்பன்றி. மரவள்ளியும் நிலக்கடலையும் முற்றும் சமயத்தில், ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் உழைப்பைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகச் சில விவசாயிகள் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் காட்டு விலங்கை இஷ்டப்படி சுட 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடாது. ஆகவே வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தச் சத்தத்தில் பன்றிகள் ஓடினால் லாபம்.

துப்பாக்கி வைத்திருக்க மட்டும் அல்ல, ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். மாமனாரிடம் அது உண்டு. பெரிய பதிவேடு ஒன்றும் உண்டு. எந்தத் துப்பாக்கி, யாருடையது, என்றைக்கு வந்தது, என்றைக்குப் போயிற்று என்று எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். இருட்டின பிறகு கொல்லைப்புறமாக வந்து, சாக்கில் சுற்றிய லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை நீட்டுகிறவர்களும் சில சமயம் வருவதுண்டு. மாமனார் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். "நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்க் கொடுத்துடுங்க. இங்கே வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிடுவார்.

பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கொல்லைப் பக்கத்து அறையில் ஒரு மேஜை, ஒரு பிடிப்புக் கருவி, சுவரில் வரிசையாக அரங்கள், தலைக்கு மேல் ஒரு விளக்கு, மூலையில் பூட்டுப் போட்ட இரும்பு பீரோ. அதன் சாவி என் மாமியார் இடுப்பில். துப்பாக்கி உள்ளே வந்ததும் மாமனார் செய்யும் முதல் காரியம், குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பது. கம்பி எவ்வளவு ஆழம் போயிற்று என்று விரலால் பிடித்து, அதே கம்பியைக் குழலுக்கு வெளிப்புறம் வைத்து அளப்பார். ஒரு விரற்கடை குறைந்தாலும் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார்.

கல்யாணமான புதிதில், நல்ல மருமகள் என்று பெயர் வாங்கும் ஆசையில், விடியற்காலையில் எழுந்து அந்த அறையைச் சுத்தமாகப் பெருக்கிக் குப்பையைக் கொட்டிவிட்டேன். அன்று மத்தியானம் நானும் மாமியாருமாகக் குப்பைமேட்டில் உட்கார்ந்து, மாவுச் சல்லடையால் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தோம். ஒரு திருகாணி அகப்படவில்லை என்று மாமனார் முதல் நாளே சொல்லியிருந்தாராம். அது யாருக்குத் தெரியும்?

"அழாதே அம்மா. நான் வந்த முதல் மாசம் ரெண்டு திருகாணியை அடுப்புச் சாம்பலோட அள்ளிக் கொட்டினவள்" என்று மாமியார் தேற்றினார். அன்றைக்கு ஆரம்பித்தது என் பாடம். என் மாமியாரைப் போலப் பொடிச் சாமான் தேடுகிறவரை நான் கண்டதில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். திருகாணிக்கும் உதவும்.

முதல் விதி: ஏதாவது விழுந்தால் அசையாதே. காதைத் தீட்டிக்கொள். தரையில் பட்டதா, தகரத்தில் பட்டதா, துணியில் விழுந்து சத்தமே இல்லையா என்று காதுதான் முதலில் சொல்லும். இரண்டாவது: உன் மடியைப் பார். பாதிச் சாமான் புடவை மடிப்பிலும் வேஷ்டி மடிப்பிலும்தான் உட்கார்ந்திருக்கும், எழுந்தால் போயிற்று. மூன்றாவது: விளக்கை மேலே பிடிக்காதே, தரையோடு தரையாகப் படுக்க வை. எள்ளளவு சாமானுக்கும் எலுமிச்சம்பழ நீளத்துக்கு நிழல் விழும். அவர் காலத்தில் அகல் விளக்கு; இப்போது செல்போன் டார்ச். நான்காவது: காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவு. பழைய ரேடியோ ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்று எங்கள் வீட்டில் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் பித்தளைக்குக் காந்தம் உதவாது. நம் தங்கத் திருகாணிக்கும் உதவாது! ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைந்த சாமானைப் போலவே இன்னொன்றை எடுத்து, அதே இடத்திலிருந்து வேண்டுமென்றே விழவிட்டு, அது எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்புகிற மாதிரி.

தொலையாமல் இருக்கவும் வழிகள் உண்டு. மேஜைமேல் வெள்ளை வேஷ்டியை விரித்துத்தான் மாமனார் வேலை செய்வார். கழற்றின சாமான்களை, வீட்டில் கழித்துப்போட்ட பழைய இட்லித் தட்டில், கழற்றின வரிசைப்படியே குழிக்கு ஒன்றாகப் போட்டு வைப்பார். துள்ளும் சாதியான வில்களைக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்ற வேண்டும் என்று சொன்னவள் என் நாத்தனார். அவள் ஓசூரில், 1984-இல் டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அப்போது ஓசூரும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். 2004-இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. "எங்க கடிகாரத்துச் சாமானைப் பார்த்தா உங்க துப்பாக்கித் திருகாணி எல்லாம் உலக்கை!" என்று அண்ணி அப்பாவைச் சீண்டுவாள். அவர் பையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நாற்பது வருஷமா என் கையை விட்டு எது போயிருக்கு?" என்பார். வாரத்துக்கு மூன்று போகிறது என்று யாரும் சொல்லமாட்டோம்.

இப்படிச் சிரிப்பும் தேடலுமாகப் போய்க்கொண்டிருந்தது, 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் வரையில்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். எண்ணியது ஜூன் 4-ஆம் தேதி. அதுவரை சும்மா கிடந்த இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? துப்பாக்கிகள் திரும்பக் கைக்கு வந்ததும் விவசாயிகள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மாமனாருக்கு மூச்சுவிட நேரமில்லை. "என்னம்மா இது, இந்த விளக்கு வர வர மங்குது?" என்று அவர் சொல்ல, என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பல்பு மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது தடவை, "மின்சாரமே சரியில்லை" என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். அந்த வார்த்தையை அப்போதே யோசித்திருந்தால்!

ஒரு புதன்கிழமை காலை. மலையடிவாரத்து விவசாயி ஒருவருடைய துப்பாக்கி மேஜைமேல் இருந்தது. என் பெண் வள்ளிக்கு அப்போது ஒன்றரை வயது. அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டு ருசி பார்க்கிற பருவம். பட்டறை வாசற்படியில் மரப்பலகை அடைத்து வைத்திருப்போம். அன்று அது சாய்ந்து கிடந்தது. குழந்தை உள்ளே தவழ்ந்து, தாத்தாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அடடா! வில்லு போயிடுச்சு!" என்று மாமனார் குரல் கேட்டது.

சின்ன வில் அது. வைக்கோல் துண்டை மடித்தாற்போல், நகத்தளவே இருக்கும். துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் அதை அப்படியே பிடித்து நிறுத்துகிற பல் ஒன்று உள்ளே உண்டு. அந்தப் பல்லை அழுத்திக்கொண்டிருப்பது இந்த வில்தான். அது இல்லாவிட்டாலும், இருந்தும் வலுவில்லாவிட்டாலும், யாரும் விசையைத் தொடாமலே குதிரை நழுவி அடித்து வெடித்துவிடலாம்.

மாமியாரும் நானும் ஓடினோம். காது, மடி, விளக்கு, காந்தம் எல்லாம் ஆயிற்று. தரையை அங்குலம் அங்குலமாகத் தடவினோம். அகப்படவில்லை. அப்போதுதான் நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விழுங்கிவிட்டாளா? என் கை கால் வெலவெலத்துப் போயிற்று. "வாழைப்பழம் கொடு" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "வாந்தி எடுக்க வை" என்றார் இன்னொருவர். நல்ல வேளையாக என் வீட்டுக்காரர் இரண்டையும் தடுத்து, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் ஒரு காரைப் பிடித்துக் குழந்தையை அரூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் வள்ளி ஜன்னலில் மாடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் அழுதுகொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்பு இருந்தால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியுமாம். ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மாள் சொன்ன புத்திமதியைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மழமழவென்றிருக்கும் சின்னச் சாமான்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியே வந்துவிடும். கூரானவையும், பொம்மையிலும் கடிகாரத்திலும் வரும் பொத்தான் பாட்டரியும், ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களும் ஆபத்து. அதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. எதுவானாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

வீடு திரும்பியபோது மாலையாகிவிட்டது. மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லையாம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கிக்காரரும் வந்து காத்திருந்தார்.

"ஆசாரியாரே, ரெண்டு ராத்திரியா மரவள்ளியைத் தோண்டிப் போட்டிருக்குதுங்க. ஏதாச்சும் ஒரு கம்பியை வளைச்சுப் போட்டாவது இன்னைக்குக் கொடுத்திடுங்க" என்று கெஞ்சினார்.

"அது வில்லு இல்லை, எமன். வரப்பிலே நடக்கிறப்போ வெடிச்சா உங்க பிள்ளைக்கு யார் பதில் சொல்றது? கிடைக்காம தரமாட்டேன்" என்றார் மாமனார்.

எனக்கு மாமியாரின் ஐந்தாவது பாடம் ஞாபகம் வந்தது. "மாமா, அதே மாதிரிப் பழைய வில்லு இருக்கா? காலையிலே நீங்க எப்படி உட்கார்ந்திருந்தீங்களோ அப்படியே உட்கார்ந்து, ஒரு தடவை விட்டுப் பாருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். பழைய வில் ஒன்றை இடுக்கியில் பிடித்து நழுவவிட்டார். அது துள்ளவே இல்லை. அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில், விரித்த வெள்ளை வேஷ்டியின் நடுவில், கோலத்தில் வைத்த புள்ளி போல விழுந்து கிடந்தது.

மாமனார் குனிந்து தரையில் தேடினார்.

நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தரையைத் தடவிக்கொண்டே, "பாத்தியா, இப்படித்தான் ஓடிடுச்சு. நீங்க பார்த்தீங்களா எங்கே போச்சுன்னு?" என்றார். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். விளக்கு மங்கவில்லை, மின்சாரமும் சரியாகத்தான் இருந்தது.

நான் பேசாமல் இட்லித் தட்டை எடுத்தேன். காலையிலிருந்து நாங்கள் தரையைத்தான் தேடினோம். மேஜையை ஒருவரும் பார்க்கவில்லை. 'ஓடிவிட்டது' என்று அவரே சொன்ன பிறகு யார் பார்ப்பார்கள்? ஐந்தாவது குழியில் ஒரு தகடு இருந்தது. எடுத்துத் திருப்பினேன். அதன் பின்புறம், கெட்டிப்பட்ட பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, அந்த வில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மாமனார் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வேஷ்டியைத் தடவித் தடவி, சோதனைக்கு விட்ட அந்தப் பழைய வில்லையும் விரலால் கண்டுபிடித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என் கண்ணு தெரியாததுக்குப் பச்சைக் குழந்தையை அவ்வளவு தூரம் அலைய வெச்சுட்டேனே, அம்மா" என்றார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

கிடைத்த வில்லைப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் திண்ணைக்குப் போய், அந்த விவசாயியிடம், "சாமான் கிடைச்சிடுச்சு. ஆனா எனக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்க. நான் மாட்ட மாட்டேன்" என்று சொன்னார். நாற்பது வருஷம் அந்தத் தொழிலால் பெயர் வாங்கினவர், வாசலில் நின்று அதைச் சொன்னார். வந்தவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பன்னிக்கு நான் தகரம் தட்டிக்கிறேனுங்க. நீங்க கண்ணைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விடவில்லை மாமனார். அன்றிரவே பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, என்னைப் படிக்கச் சொன்னார். அந்த வருஷம் தம் கையால் ரிப்பேராகிப் போன துப்பாக்கிகள் ஏழு. ஏழு பேருக்கும் சொல்லியனுப்பி, சேலத்தில் இதே லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்யும் சிநேகிதரை வரவழைத்துத் திரும்பச் சோதிக்கச் சொன்னார். ஆறு சரியாக இருந்தன. ஏழாவதில் ஒரு திருகாணி முழுதும் இறுகாமல் அரைச்சுற்று நின்றிருந்தது. சிநேகிதர் அதை முறுக்கிவிட்டு, "இது ஒண்ணும் பெரிசில்லை" என்றார். மாமனார் அன்றும் சாப்பிடவில்லை.

கண் முகாமுக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. "மூன்று வருஷமாவது இருக்கும். பெரியவர் எப்படிச் சமாளித்தார்?" என்று டாக்டர் கேட்டார். விரலால் சமாளித்திருக்கிறார்! புரை விழுந்த கண்ணுக்கு விளக்கு மங்கினாற்போலத் தோன்றுமாம். வெள்ளையும் பழுப்பும் ஒன்றாய்க் கலங்குமாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பல்பைக் குறை சொன்னால், பல்பை மாற்றுவதற்கு முன்னால் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் அங்கே மாதிரிக்காக வைத்திருந்த லென்ஸ் ஒன்றைக் காட்டினார்கள். நடுவட்டம் ஆறு மில்லிமீட்டர்தான். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் மயிரிழை போன்ற வளைவு. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார், 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி இந்த லென்ஸைச் செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து ஏக விலைக்கு வந்துகொண்டிருந்த சாமான் அதன் பிறகுதான் ஏழைகளுக்கும் எட்டியது. மாமனார் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இது கீழே விழுந்தா எப்படிங்க தேடுவீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தேட மாட்டோம், பெரியவரே. விழுந்ததைக் கண்ணில் வைக்கக் கூடாது, புதிதுதான் எடுப்போம்" என்றார். மாமனாருக்கு அந்தப் பதில் ரொம்பத் திருப்தி.

ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொரு கண். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனார். இட்லித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஏம்மா, இத்தனை நாளா இவ்வளவு அழுக்கிலேயா நான் வேலை செஞ்சேன்?" என்று கேட்டார். நான் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். டாக்டர் அனுமதி கொடுத்த பிறகே தொழிலைத் தொடங்கினார். இப்போது வில் கழற்றும்போது நாத்தனார் சொன்ன பிளாஸ்டிக் பையும் உண்டு, யாரும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியும் வெளியே போகுமுன், இட்லித் தட்டின் குழிகள் எல்லாம் காலியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசற்படிப் பலகைக்குக் கீல் போட்டுத் தாழ்ப்பாளும் வைத்துவிட்டார்.

போன பொங்கலன்று காலை, என் தோட்டுத் திருகாணி 'டிக்' என்றது. கூடத்துக் கோலத்தின்மேல்தான் விழுந்திருக்க வேண்டும். நான் அசையாமல் நின்று, மடியைப் பார்த்து, செல்போனைத் தேடிக்கொண்டிருந்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்திருக்கக்கூட இல்லை.

"மூணாவது புள்ளிக்குப் பக்கத்திலே மின்னுது பார், அம்மா" என்றார்.